பெருமக்கள் சோலையும் பொதுமக்கள் பூங்காவும்: இலையுதிர் காலத் தோக்கியோவின் வரலாறு

ஆண்டு முழுவதும் பசுமை குன்றாத மலைநாட்டில் வாழும் நமக்கு இலையுதிர் காலம் என்பது பெரும்பாலும் நூல்களில் படித்து அறிந்த ஒன்றேயாகும். ஆயினும் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர் அதனை முற்றிலும் அறியாதவர் அல்லர். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரத்தின் இலைகள் செம்பழுப்பு நிறங்கொண்டு உதிரும். பார்வைக்கு அது அழகுதான். ஆனால் பால் குறைந்து வருவாய் சுருங்கும் காலமும் அதுவேயாதலின், தோட்டத்து மக்கள் அந்த அழகை நின்று சுவைத்தவர் அல்லர். இயற்கையின் எழிலைத் துய்ப்பதற்கும் ஓர் ஓய்வு வேண்டும். கால் வைத்து நிற்க ஓர் இடமும் வேண்டும். அந்த இடம் யாருக்கு உரியது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். அதற்கு விடை காணத் தோக்கியோ நகரின் பூங்காக்களைப் போல் ஏற்ற சான்று வேறு கிடைப்பது அரிது.

நவம்பர்த் திங்களின் பிற்பகுதியில் தோக்கியோவின் பூங்காக்கள் நிறம் மாறத் தொடங்குகின்றன. பகல் குறுகி இரவு குளிரும்போது இலைகளிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதனுள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. கிங்கோ மரம் பொன்னாய் ஒளிர்வது இதனால்தான். மேப்பிள் மரமோ அந்நாள்களில் புதிதாய்ச் சிவப்பு நிறமியை உண்டாக்கிக் கொள்கிறது. இக்காட்சியைத் தேடிச் செல்வதை சப்பானியர் ‘மோமிஜிகாரி’ என்பர். ‘செவ்விலை வேட்டை’ என்பது அதன் பொருள். கியோத்தோ அரசவைப் பெருமக்களின் பொழுதுபோக்காய் இருந்த இவ்வழக்கம், எடோ என்னும் பெயரோடு தோக்கியோ விளங்கிய காலத்தில் எளிய மக்களிடமும் பரவிற்று.

ஆனால் எடோ நகரின் மிகச் சிறந்த சோலைகள் மக்களுக்கு உரியனவாக இருக்கவில்லை. தொக்குகாவா ஆட்சியாளர்கள் குறுநில மன்னர்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்க வேண்டும் என 1635ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். அவர்தம் மனைவி மக்கள் பிணையாளராய் நகரிலேயே இருத்தப்பட்டனர். இதனால் ஒவ்வொரு மன்னருக்கும் எடோவில் மாளிகைகள் எழுந்தன. மாளிகைதோறும் குளமும் குன்றும் கொண்ட சோலைகள் தோன்றின. அரசியல் கட்டுப்பாடொன்று நகரின் அழகுக்குக் காரணமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவற்றுள் குறிப்பிடத்தக்கது கொய்சிகாவா கோராக்குவென். மித்தோ நாட்டுத் தலைவர் தொக்குகாவா யோரிஃபுசா 1629இல் தொடங்கிய இச்சோலையை அவர் மகன் மித்சுகுனி நிறைவு செய்தார். மிங் அரசு வீழ்ந்தபின் சீனத்தினின்று அடைக்கலம் புகுந்த சூ சுன்சுய் என்னும் அறிஞர் அவருக்குத் துணை நின்றார். ‘கோராக்கு’ என்றால் ‘பின்னர் இன்புறல்’ என்று பொருள். நாட்டுக்குத் துன்பம் வருமுன் அதனை எண்ணிக் கவலுவதும், மக்கள் இன்புற்ற பின்னரே தான் இன்புறுவதும் ஆள்வோரின் கடன் என்னும் சீன அறநெறியினின்று பிறந்த பெயர் இது. மற்றொன்று ரிக்குகியென். யனகிசாவா யொசியாசு 1695இல் தொடங்கி 1702இல் முடித்த இச்சோலை, சப்பானியச் செய்யுள் மரபிற் கூறப்படும் 88 காட்சிகளை மண்ணிலும் நீரிலும் படைத்துக் காட்டுவது.

பெயர் உயர்ந்ததாயினும், கோராக்குவெனில் தங்குதடையின்றி இன்புறும் உரிமை எளிய மக்களுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. 1868இல் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்தது. குறுநில மன்னர் நகரை விட்டு அகன்றனர். மாளிகைகள் பல பாழ்பட்டன. சில இடங்கள் தேயிலையும் முசுக்கட்டையும் பயிரிடும் நிலங்களாயின. கோராக்குவென் படைக்கலத் தொழிற்சாலையின் வளாகத்துள் அடங்கிற்று. அச்சோலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஆண்டு 1938. தொடங்கப்பெற்று 309 ஆண்டுகள் கடந்த பின்னர்! ரிக்குகியென் மித்சுபிசி நிறுவனத்தைத் தோற்றுவித்த இவாசாக்கி குடும்பத்தின் கைக்கு மாறி, அதே 1938இல் நகராட்சிக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது.

மக்களுக்கெனப் பூங்காக்கள் வேண்டும் என்னும் எண்ணம் 1873ஆம் ஆண்டின் அரசாணையால் வடிவம் பெற்றது. உவேனோ, அசாக்குசா, சிபா, ஃபுக்காகாவா, அசுக்காயாமா ஆகிய ஐந்தும் அவ்வாறு தோக்கியோவின் முதற் பூங்காக்களாயின. உவேனோவில் மருத்துவக் கல்லூரி கட்ட அரசு எண்ணியபோது, போடுவின் என்னும் டச்சு மருத்துவர் அவ்விடத்தைப் பூங்காவாக விடுமாறு அறிவுறுத்தினார். 1903இல் திறக்கப்பட்ட ஹிபியா பூங்காவை வகுத்தவர் வனவியல் அறிஞர் ஹொண்டா செய்ரோக்கு. சாலையை விரிவாக்க வெட்டப்படவிருந்த முதிய கிங்கோ மரம் ஒன்றைத் தம் தலையையே பணயம் வைப்பதாகக் கூறிப் பெயர்த்து வந்து அப்பூங்காவில் நட்டார் அவர். அம்மரம் வேர் பிடித்துத் தழைத்தது.

பூங்கா வெறும் அழகுப்பொருள் அன்று என்பதை 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் உலகுக்கு உணர்த்திற்று. அன்று நிகழ்ந்த கந்தோ பெருநிலநடுக்கத்தைத் தொடர்ந்து நகரம் தீப்பற்றி எரிந்தது. இவாசாக்கி குடும்பத்தின் கியோசுமி சோலையில் புகுந்தோர் ஏறத்தாழ 20,000 பேர் உயிர் தப்பினர். அங்கிருந்த மரங்களும் குளமும் அரணாய் நின்றன. அங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத வெற்றுத்திடல் ஒன்றில் அடைக்கலம் புகுந்தோரோ தீச்சூறாவளியில் சிக்கினர். அங்கு மாண்டவர் ஏறத்தாழ 38,000 பேர். கியோசுமியின் ஒரு பகுதி மறு ஆண்டே நகருக்கு வழங்கப்பட்டது. புதுவாழ்வுத் திட்டத்தில் மூன்று பெரும் பூங்காக்களும், பள்ளிகளை அடுத்து 52 சிறு பூங்காக்களும் அமைந்தன.

அதே 1923இல்தான் மெய்ஜி கோவிலின் வெளித்தோட்டமாகிய ஜிங்கு கயெனில் 146 கிங்கோ மரங்கள் நான்கு வரிசையாய் நடப்பட்டன. வகுத்தவர் ஒரிசிமோ யொசினோபு. ஷின்ஜுக்கு அரச தோட்டத்துக் கிங்கோ மரத்தின் விதைகளை 1908இல் முளைக்கச் செய்து வளர்த்த கன்றுகள் அவை. அந்த ஷின்ஜுக்கு தோட்டமும் ஒரு காலத்தில் அரச குடும்பத்திற்கே உரியதாயிருந்து, 1949இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜிங்கு கயெனோ மக்களின் நன்கொடையால் எழுந்து 1926இல் நிறைவுற்றது. அதன் 300 மீட்டர் நீளப் பொன்வீதியில் நடப்பதற்கு ஆண்டுதோறும் மக்கள் வெள்ளம் திரள்கிறது.

எனினும் கிடைத்த உரிமை என்றும் நிலைக்கும் என்று எண்ணிவிட இயலுமா? ஜிங்கு கயெனின் பழைய விளையாட்டரங்குகளை இடித்துப் புதியன கட்டவும், வானளாவிய கட்டடங்கள் எழுப்பவும் வகுத்த திட்டத்திற்கு 2023இல் தோக்கியோ அரசு ஒப்புதல் அளித்தது. கிங்கோ வீதி காக்கப்படும் என்றே திட்டம் கூறுகிறது. ஆயினும் ஏனைய மரங்கள் பல வெட்டப்படும் என்றும், அருகெழும் அரங்கினால் கிங்கோவின் வேர்களுக்கு ஊறு நேரும் என்றும் எதிர்ப்பு எழுந்தது. இசையமைப்பாளர் சக்காமோத்தோ ருயிச்சி நோயுற்றிருந்த நிலையிலும், நூறாண்டு வளர்ந்த மரங்களைக் காக்க வேண்டி ஆளுநருக்கு மடல் எழுதினார். அந்த மார்ச் திங்களிலேயே மறைந்தார். அரங்கிற்கும் கிங்கோ வரிசைக்கும் இடையிலான தொலைவு 2024இல் கூட்டப்பட்டது. ஆனால் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பிற மரங்களை வெட்டும் பணியும் தொடங்கிவிட்டது.

பழைய அரங்குகளைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பொருள் வேண்டும் என்னும் வாதத்தை ஒரேயடியாய்த் தள்ளிவிட முடியாது. ஆனால் கட்டடத்தை ஐந்தாண்டில் எழுப்பலாம்; நூறாண்டு மரத்தை நூறாண்டு காத்திருந்தே பெற இயலும். மன்னர் மதிலுக்குள் இருந்த அழகு மக்கள் கைக்கு வர மூன்று நூற்றாண்டுகள் ஆயின. ஆட்சி மாற்றமும், பேரிடரும், வள்ளன்மையும், ஒரு மரத்துக்காக வாதாடிய நல்லோரின் உறுதியும் சேர்ந்தே அதனைத் தந்தன.

மக்கள் இன்புற்ற பின்னரே ஆள்வோர் இன்புறுதல் வேண்டும் என்னும் பொருள் தாங்கி நிற்கும் கோராக்குவெனின் பெயர், தோக்கியோவுக்கு மட்டும் உரிய அறிவுரையன்று. வளர்ந்துவரும் நம் நகரங்களில் எஞ்சியுள்ள திடல்களையும் நிழல் மரங்களையும் பற்றி முடிவு செய்வோர் யாவரும் நெஞ்சிற் கொள்ளத்தக்கது அது.