டூம்: மூலத்துக்குத் திரும்பிய வழி

உலகம் டாஸில் ஆடிய 'டூம்' (1993) நெக்ஸ்ட் கணினிகளில் எழுதப்பட்டது. 1997 டிசம்பரில் ஜான் கார்மாக் வெளியிட்ட மூல நிரலோ லினக்ஸ் வடிவம்! டாஸ் வடிவின் ஒலி நூலகம் பிறருடைய பதிப்புரிமைக்கு உட்பட்டிருந்ததே காரணம். ஆகவே நிரலை டாஸில் இயங்கும்படி தொகுக்க விரும்பியவர்கள் ஒலிப்பகுதியை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. வடமொழி மூலம் தொலைந்து, திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் எஞ்சிய பௌத்த நூல்கள் நம் நினைவுக்கு வருகின்றன. 1998இல் 'பூம்' என்ற பெயரில் டாஸுக்கே மீண்டது அந்த ஆட்டம். மறு ஆண்டு நிரலுக்குக் குனூ பொது உரிமமும் கிட்டியது. நிரலுக்கு மட்டுந்தான்; ஓவியங்களுக்கும் ஆட்டக் களங்களுக்கும் அன்று. தொகுத்து முடித்தவரும் முழு ஆட்டத்தைக் காண, காசு கொடுத்து வாங்கிய பழைய வட்டைத் தேடினார்.