ஈரக் கையால் தொட்டாலும் ஷாக் அடிக்காத சுவிட்ச்... நீச்சல் குளம், பம்புசெட்டுக்கு எது பாதுகாப்பு?

ஸ்ரீவில்லிபுத்தூர், கான்சாபுரம், வத்திராயிருப்பு பக்கம் கோடை லீவு விட்டாலே பசங்களுக்கு பம்புசெட் குளியல்தான். தோட்டத்துத் தொட்டியோ, ரிசார்ட் நீச்சல் குளமோ, ஆபத்து ஒன்றுதான்: நனைந்த உடம்பு, பக்கத்திலேயே கரண்ட். தோல் நனைந்தால் மின்சாரம் உடம்புக்குள் எளிதாகப் பாயும்.

ஏர் சுவிட்ச் என்றால் என்ன?

நீச்சல் குளம், ஸ்பா தொட்டிகளின் ஓரத்தில் இருக்கும் இந்த பட்டனில் கரண்டே கிடையாது. அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று மெல்லிய டியூப் வழியாகப் போய், தள்ளி வைத்திருக்கும் பெட்டியில் உள்ள சுவிட்சைத் தட்டும். மோட்டார் ஓடும். மீண்டும் அழுத்தினால் நிற்கும்.

ஐபி 67 என்றால்?

முதல் எண் தூசு, இரண்டாவது எண் தண்ணீர். தண்ணீருக்கான எண் 4 என்றால் தெறிக்கும் நீரையும், 5 என்றால் பீய்ச்சும் நீரையும் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்கும். ஆனால், வயர் நுழையும் ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை என்றால் இந்த எண்ணால் பயனில்லை.

எவ்வளவு தூரத்தில் வைக்கணும்?

வீட்டில் போடும் சாதாரண 230 வோல்ட் சுவிட்ச், பிளக் எல்லாம் குளத்தின் விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால் இருப்பதே நல்லது. தண்ணீருக்குள் எரியும் விளக்குக்கு 12 வோல்ட் போதும்.

எம்சிபி இருக்கே, போதாதா?

போதாது. 16 ஆம்பியர் எம்சிபி, ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் வந்தால்தான் விழும். ஆனால் 0.1 ஆம்பியர் கசிவே உயிரைப் பறிக்கலாம். மோட்டாரே தண்ணீருக்குள் கரண்டைக் கசியவிட்டால் எந்த வாட்டர்ப்ரூஃப் சுவிட்சும் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், கசிவு வந்த நொடிக்குள் சப்ளையைத் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால்?

தண்ணீரில் இறங்காதீங்க, ஆளைத் தொடாதீங்க. முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

முக்கியமாக, கிணற்றில் மோட்டார் ஓடும்போது பிள்ளைகளை நீந்த விடாதீர்கள்.