ஒரு மூட்டை அரிசியின் கடல் பயணம்

பனி கரையாத மொகாமி ஆறு. மரம் ஏற்றிப் போகும் தெப்பத்தில் ஏழு வயதுச் சிறுமியை ஏற்றிவிடுகிறார்கள். ஓராண்டு அவள் அடுத்தவர் வீட்டில் எடுபிடி வேலை செய்ய வேண்டும். கூலி ஒரு மூட்டை அரிசி, ஏறத்தாழ 60 கிலோ. அதையும் முன்கூட்டியே வாங்கியாயிற்று. கரையில் நிற்கும் அம்மாவைக் கூப்பிட்டு அவள் கதறுகிறாள். 'ஒஷின்' தொடரில் அயாகோ கோபயாஷி என்ற சிறுமி நடித்த காட்சி இது.

ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் 4 முதல் ஓராண்டு காலம் ஞாயிறு தவிரக் காலைதோறும் 15 நிமிடம் ஒளிபரப்பிய கதை, மொத்தம் 297 பகுதிகள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா. கதை 1907-இல் யமகதா பகுதியின் குத்தகை விவசாயி ஒருவர் வீட்டில் தொடங்குகிறது. விளைந்த நெல்லில் பெரும்பங்கு நிலக்காரருக்குப் போய்விடும். உழுதவர் வீட்டில் முள்ளங்கியை நறுக்கிப் போட்டு அரிசியைப் பெருக்கிச் சாப்பிடுவார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் சேர்த்துச் சோறு போட வழியில்லாமல், கருவைக் கலைக்க உறைபனி ஆற்றில் இறங்கி நிற்கிறாள் தாய். தாயாக நடித்தவர் பிங்கோ இஸுமி.

ஒரே பெண்ணின் வாழ்வை மூன்று நடிகைகள் பகிர்ந்துகொண்டார்கள். முதல் 36 பகுதிகள் கோபயாஷிக்கு. இளமையும் நடுவயதும் யூகோ டனாகாவுக்கு. நெடும்பகுதியைத் தாங்கியவர் அவர்தான். முதுமை நொபுகோ ஒடோவாவுக்கு. 1960-இல் வந்த 'நிர்வாணத் தீவு' படத்தில், பேச்சே இல்லாமல், மேட்டு வயலுக்குத் தண்ணீர் சுமந்து சுமந்து தேய்ந்த குடியானவப் பெண்ணாக நடித்தவர் ஒடோவா. ஆனாலும் என் மனத்தில் நிற்பது கோபயாஷியின் முகம்தான். வேலை செய்யும் வீட்டில் திருட்டுப் பட்டம் கட்டி, பாட்டி கொடுத்த காசையும் பிடுங்கிக்கொள்ளும்போது அவள் அழுகையை விழுங்கும் விதத்தைப் பெரிய நடிகர்களிடமும் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜப்பானில் இந்தத் தொடரைப் பார்த்தோர் விகிதம் உச்சத்தில் 62.9 சதவீதம். பிறகு கதை கடல் கடந்தது. 1984-இல் முதலில் சிங்கப்பூர். பின்னர் ஈரான், எகிப்து என 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிற்று. இலங்கையில் ரூபவாஹினி அதைச் சிங்களக் குரலில் ஒளிபரப்பியது. அந்த நிலையமே ஜப்பானின் நன்கொடையில் 1982-இல் எழுந்ததுதான்.

ரூபவாஹினியின் அலைகள் பாக் நீரிணையோடு நின்றுவிடவில்லை. 1987-இல் கொடைக்கானல் தொலைக்காட்சிக் கோபுரம் வருவதற்கு முன்பு, நம் காவிரி டெல்டாவின் கடற்கரை ஊர்களில் படம் தெரிய வேண்டுமென்றால் உயரக் குழாயில் ஆன்டெனா கட்டி, கொழும்புப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். மாடியில் ஒருவர் குழாயைத் திருகுவார். கீழிருந்து "தெரியுது, தெரியுது, விடு" என்று குரல் வரும்.

டெல்டாவுக்கு ஒஷினின் கதை அந்நியமே இல்லை. இங்கும் கூலி மரக்காலில் அளக்கப்பட்டது. பண்ணையாளின் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் பண்ணையின் மாட்டை மேய்த்தது. பண்ணையாட்களை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சொல்ல 1952-இல் தஞ்சாவூருக்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். சோறு விளைந்த மண்ணிலேயே சோற்றுக்குப் பிள்ளையை அனுப்பிய துயரம் யமகதாவுக்கும் நமக்கும் பொதுவானது. அதை மூன்று நடிகைகளின் உடம்பில் ஜப்பான் பதிந்து வைத்துக்கொண்டது. நம்முடைய தொலைக்காட்சி நம் பண்ணையாள் பெண்களுக்கு இந்த அளவு நேரம் ஒதுக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

முதல் 36 பகுதிகளைப் பாருங்கள். மொத்தம் ஒன்பது மணி நேரம்தான். நெல் நாற்று நட்ட பாட்டி வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தெப்பக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள்.