அயோடின் காட்டாத வைரஸ்: துங்ரோ கண்டறிதல் குறித்த ஒரு மறுவாசிப்பு

நெல்லில் துங்ரோ நோயை வயலிலேயே உறுதிசெய்யப் பரிந்துரைக்கப்படும் அயோடின் சோதனை வைரஸைக் காட்டுவதில்லை. இலையில் தேங்கிய மாவுச்சத்தையே காட்டுகிறது. இதை அறியாதவர் இத்துறையில் இல்லை. ஆயினும் முடிவுகளைப் பதியும் இடத்தில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. நீலக்கோடு கண்ட செடி நோயுற்றது, காணாதது நோயற்றது என்று முந்தைய ஆய்வுகள் பலவும் கொண்டன. முதற்பாதி பெருமளவு சரி. இரண்டாம் பாதி ஏற்கத்தக்கதன்று.

சோதனை எளியது. 100 மில்லி நீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைக்கப்படுகின்றன. காலை 6 மணிக்கு முன் வெட்டிய இலை நுனியின் அடிமுனை அக்கரைசலில் கால்மணி நேரம் அமிழ்த்தப்படுகிறது. பகலில் இலை சேர்த்த மாவுச்சத்து இரவில் சர்க்கரையாகி மற்ற உறுப்புகளுக்குச் சென்றிருக்க வேண்டும். துங்ரோ தாக்கிய இலையில் அது தேங்கி, கருநீலக் கோடுகளாகத் தெரிகிறது. ஆகவே நேரம் சோதனையின் ஓர் உறுப்பு. வெயில் ஏறியபின் பறித்த இலையின் நீலத்துக்கு நோய்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இலை பறித்த நேரம் குறிக்கப்படாத வயல் பதிவுகளை வைரஸ் பரவலுக்குச் சான்றாகக் கொள்வதில் தயக்கம் தேவை. துத்தநாகக் குறையாலோ தழைச்சத்துக் குறையாலோ வரும் மஞ்சளிப்பிலிருந்து துங்ரோவைப் பிரிக்க இச்சோதனை உதவுவது உண்மை. அதன் மதிப்பும் அங்கேதான்.

சிக்கல் நோயின் அமைப்பிலேயே உள்ளது. துங்ரோ இரு வைரஸ்களின் கூட்டு. டி.என்.ஏ. கொண்ட கோல்வடிவ வைரஸே மஞ்சளிப்புக்கும் குட்டைத்தன்மைக்கும் முதன்மைக் காரணம். ஆர்.என்.ஏ. கொண்ட உருண்டை வைரஸ் தனித்திருக்கும் செடி ஏறக்குறைய நலமாகவே தோன்றும். அதில் மாவுச்சத்துத் தேக்கத்தை எதிர்பார்க்க இடமில்லை. ஆனால் பச்சைத் தத்துப்பூச்சி கோல்வடிவ வைரஸைப் பரப்புவதற்கு உருண்டை வைரஸின் துணை வேண்டும். முதலில் உருண்டை வைரஸ் உள்ள செடியிலும் பிறகு கோல்வடிவ வைரஸ் மட்டும் உள்ள செடியிலும் சாறு உறிஞ்சிய பூச்சி இரண்டையும் கடத்தும். நோய் பரவ வழிசெய்யும் செடி இவ்வாறு ‘நோயற்றது’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. உருண்டை வைரஸால் மட்டும் நேரும் மகசூல் இழப்பு சிறிது என்ற மறுப்பு இவ்வாதத்தைத் தொடுவதில்லை; இங்கே கேள்வி பரவலைப் பற்றியது.

ஆவடிக்கு மேற்கே, செவ்வாப்பேட்டையை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். அங்கிருந்து 1952-இல் வெளிவந்த டி.கே.எம். 6 இரகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1969-இல் வெளியிட்ட ஐ.ஆர். 20-இன் பெற்றோரில் ஒன்று. ஐ.ஆர். 20, ஐ.ஆர். 26, ஐ.ஆர். 30 ஆகிய டி.கே.எம். 6-இன் வழித்தோன்றல்கள் உருண்டை வைரஸுக்கு எதிர்ப்புக் காட்டுபவை. இந்த எதிர்ப்பைக் கண்ணாலோ அயோடினாலோ நேரடியாக அளக்க முடியாது. மஞ்சளிக்காத செடி பூச்சியை விலக்கியதா, வைரஸை எதிர்த்ததா, தொற்றைச் சுமந்தும் தாங்கியதா என்பதை நிறமாற்றம் சொல்வதில்லை. புறக்குறி மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ‘எதிர்ப்பு’ என்று எழுதப்பட்ட பழைய பதிவுகள், எச்சரிக்கையாகச் சொன்னாலும், மறுசோதனைக்கு உரியவை.

எலைசாவும் பி.சி.ஆரும் இரு வைரஸ்களையும் தனித்தனியே இனங்காண்பவை. உருண்டை வைரஸுக்குப் பி.சி.ஆர். செய்யுமுன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்ள வேண்டும். இப்படி மாற்றத் தவறினால் அயோடினின் குறையே ஆய்வகத்திலும் தொடரும். கோல்வடிவ வைரஸிலும் தெற்காசிய வகையும் தென்கிழக்காசிய வகையும் மரபணு வரிசையில் வேறுபடுகின்றன. எனவே பிலிப்பைன்ஸ் வரிசையைக் கொண்டு அமைத்த பிரைமர்கள் இங்கே பிழைக்கக்கூடும். கன்னியாகுமரி, சின்சுரா தனிவகைகளின் வரிசைகளோடு ஒப்பிட்டபின் பயன்படுத்துவதே முறை. இவை செலவு மிக்கவை என்பதால் அயோடினே போதும் என்ற வாதம், கேள்வியை மலிவான விடைக்கு ஏற்பக் குறுக்குகிறது.

சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களும் நடக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில், அடுத்த பட்டத்து நாற்றங்காலுக்கு அருகிலேயே முந்தைய பயிரின் தாள்கட்டையும் மறுதாம்பும் பசுமையாக நிற்பதுண்டு. மாதிரி எடுக்க வேண்டிய முதல் இடம் இந்த மறுதாம்பு. அதிலும் மஞ்சளிக்காத செடிகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.