பேரேட்டுக்கு வெளியே: சிங்கப்பூரில் கடன் வசூலும் நொடிப்புச் சட்டமும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டித்தொழில் பெரிதும் பேசப்படுகின்றது. கடன் வாங்கியவர், அதிலும் கட்டவியலாது நொடிப்புக்கு விண்ணப்பித்தவர், அதில் அரிதாகவே தலைகாட்டுகின்றார். நாம் இங்கு நோக்க விழைவது அவரையே.

தமிழர் செட்டித் தெரு என்றழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டில், ஒரே கிட்டங்கிக்குள் பல கடைகள் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டகமும் சாய்வு மேசையும் போதும். மேலாள் கடன் கொடுப்பார், அடுத்தாள் வசூலுக்கு அலைவார். அரசாங்கக் குமாஸ்தாவுக்கு அடகு வைக்க நிலமில்லை. ஆகவே சக ஊழியர் இருவர் மூவர் சேர்ந்து புரோநோட்டில் ஒப்பமிட்டனர். ஒருவர் தவறினால் மற்றவர் தலையில் விழும்.

நீரிணைக் குடியேற்றங்களின் 1888ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம், 1883ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவியது. கடனாளி தாமே மனுச் செய்யலாம். ஆணை பிறந்தபின் கடன்காரர் தனித்தனியே வழக்காட முடியாது. அனைவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஈடு பெற்றவர் மட்டும் அவ்வரிசைக்குப் புறம்பானவர். நொடிப்பு என்பது அவமானம் என்றே நம்மவர் கருதினும், விரட்டலை நிறுத்துவதே அதன் முதற்பயன் எனலாம். எனினும் குமாஸ்தா தயங்கினார். பணநெருக்கடியில் சிக்குவதே அரசுப்பணியில் ஒழுங்குநடவடிக்கைக்குரியதாகக் கருதப்பட்டது.

மனுவுக்கு ஆயத்தமாவோர் யாருக்கு எவ்வளவு என்று பட்டியலிட வேண்டும். கணக்கோ தமிழ்ப் பேரேட்டில், கடன் கொடுத்தவரிடம் இருந்தது. இங்கிலாந்தின் 1900, 1927ஆம் ஆண்டுச் சட்டங்களை ஒட்டி 1935இல் இயற்றப்பட்ட கடன்கொடுப்போர் சட்டம், கடன் விவரக் குறிப்பின் நகலைக் கடனாளியிடம் தரப் பணித்தது. தொழிலுக்கு நேர்ந்த இடையூறாகவே இதனைக் காண்போர் உளர். கடனாளியின் கைக்கு ஒரு தாள் வந்ததே பெரிதென்பது எம் கருத்து.

செட்டித் தெருக் கிட்டங்கிகள் பின்னர் நகரச் சீரமைப்பில் மறைந்தன. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1995இல் ஒரு புதிய சட்டமும், 2020இல் இன்னொன்றும் பெற்றன. 2009 முதல் நொடித்தவராகாமலே தவணையில் அடைக்கும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டமும் உண்டு. ஆனால் சுவரில் சாயம் வீசி, வீட்டெண்ணை எழுதிச் செல்லும் உரிமமற்ற வட்டிக்காரன் நீதிமன்ற வரிசையில் நிற்பவனல்லன். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அவன் கொடுத்த கடன் செல்லாது. அவனுடைய தொல்லை குற்றம். அவனிடமிருந்து காப்பது நொடிப்பாணையன்று, காவல்துறையே.

ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளர் பலரின் நிலை வேறு. முகவருக்குக் கட்டிய பணம் ஊரில் நகை அடகிலும் கைமாற்றிலும் திரட்டப்பட்டது. 2011 முதல் சிங்கப்பூர் முகவர் தொழிலாளரிடம் பெறும் கட்டணத்துக்கு அதிக அளவாக இரு மாதச் சம்பளமே வரம்பு. ஊரிலுள்ள தரகரை அவ்வரம்பு எட்டுவதில்லை. அக்கடனைக் கேட்டு ஆள் வருவது இங்கன்று, புதுக்கோட்டையிலோ திருவாரூரிலோ உள்ள பெற்றோர் வாசலுக்கு. பல வேளைகளில் அதற்கு ரசீதுகூட இல்லை.