விமான வாடையும் மலையகத்து நல்லெண்ணெயும்

பயணிகள் விமானத்தில் நடுவானில் திடீரென எழுந்து, தரையிறங்குவதற்குள் தடயமின்றி மறைந்துவிடும் வாடையின் வரலாறு, ஜெட் விமானம் பயணிகள் சுவாசிக்கும் காற்றைத் தன் இயந்திரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளத் தொடங்கிய வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. ஏர் இந்தியா 1960இல் பறக்கவிட்ட போயிங் 707இல் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்தத் தனி அழுத்திகள் இருந்தன. பின்னர், எரிபொருள் கலப்பதற்கு முன்பே இயந்திரத்துள் அழுத்தப்படும் காற்றில் ஒரு பங்கைப் பிரித்துக் குளிரவைத்துப் பயணிகளுக்கு அனுப்பும் முறை பரவலாயிற்று. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் அடைப்புகள் தேய்ந்தால், சூட்டில் சிதைந்த எண்ணெயின் ஆவியும் அதே வழியாக உள்ளே புகும். அழுக்குக் காலுறை நாற்றம் என்று விமானப் பணியாளர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் இதையே.

எல்லா வாடைக்கும் எண்ணெயைக் குற்றம் சொல்வது சரியன்று; சமையலிடத்து அடுப்பும் மின்கம்பியும் கழிப்பறையும்கூட அதற்குக் காரணமாகலாம். 2022 ஜூலையில் கோழிக்கோட்டிலிருந்து துபாய் சென்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், முன்பக்கச் சமையலிடத்துக் காற்றுத்துளை ஒன்றிலிருந்து தீய்ந்த வாடை வந்ததால் மஸ்கட்டுக்குத் திருப்பப்பட்டது. 2025 ஜூன் 27 அன்று மும்பையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானமும் அத்தகைய வாடையால் மும்பைக்கே திரும்பிற்று.

எண்ணெய் ஆவி குறித்த அச்சத்தின் வேர், தேய்மானத்தைக் குறைக்க இயந்திர எண்ணெயில் சிறிதளவு சேர்க்கப்படும் ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்னும் வேதிப்பொருளில் இருக்கிறது. அதன் ஒரு வகை நரம்புகளைச் சிதைக்க வல்லது என்பதைத் தமிழர் விமானத்தில் அன்றி வீட்டுக்குள்ளேயே அனுபவித்தனர். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுப்பது தமிழரிடையே உள்ள வழக்கம்; அவ்வழக்கப்படியே நல்லெண்ணெய் உண்ட இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழ்ச் சிறுமியர் இருபதுக்கு மேற்பட்டோர் 1977–78இல் கைகால் தளர்ந்து வீழ்ந்தனர். அந்த எண்ணெயில் இவ்வேதிப்பொருள் கலந்திருந்ததை சேனாநாயக்க, ஜெயரத்னம் என்னும் மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். 1988இல் கொல்கத்தாவின் பெஹாலாவில் கடுகெண்ணெய்க் கலப்படத்தாலும் இதே வாதம் பரவிற்று.

உணவோடு உட்கொண்ட அளவும் காற்றில் கலந்து வரும் அளவும் ஒன்றல்ல என்பதே இவ்விவகாரத்தின் முடிச்சு. பிஏஇ 146 விமானங்களில் எழுந்த புகார்களை விசாரித்த ஆஸ்திரேலிய செனட் குழு 2000இல் அறிக்கை தந்தது. 100 பயணங்களில் காற்றை அளந்த பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம், நச்சுப்பொருள்கள் அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டவில்லை என்று 2011இல் அறிவித்தது. ஆனால் முறைப்படி புகார் எழுதத்தக்க பெரிய கசிவு அந்த நூறில் ஒன்றிலும் நிகழாததால், கசிவு நேரும் அந்தச் சில நிமிடங்களின் அளவை அவ்வாய்வால் தர முடியவில்லை. அதே ஆண்டு சேவைக்கு வந்த போயிங் 787 மட்டும், மின்சாரத்தால் இயங்கும் தனி அழுத்திகளைக் கொண்டு வெளிக்காற்றையே உள்ளே அனுப்பும் முறைக்குத் திரும்பிற்று.