ஒத்தை பல்பும் ஐந்து விளக்கும்

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து வேலை பகல் வெளிச்சத்தில்தான். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால் வீட்டில் வெளிச்சம் இருந்ததா?

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது குடிசைக்கு ஒரு விளக்கு இலவசமாகக் கிடைத்தது. பெரிய உதவிதான். எங்க அம்மா வீட்டில் அந்த ஒத்தை பல்பு முன்பக்கம் தொங்கியது. அம்மா சோறு வடித்ததெல்லாம் சிம்னி விளக்கில்தான். தீப்பெட்டி ஒட்டுவதும் வாசலில் வெளிச்சம் இருக்கிறவரைதான்.

2011-12-இல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, ஆரம்பத்தில் 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. முன்னறை, படுக்கையறை, சமையலறை, கழிவறை, வராந்தா என்று இடத்துக்கு ஒன்றாக ஐந்து. அடுப்படிக்கும் கழிவறைக்கும் விளக்கு வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்ததுதான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது.

சில வருஷத்தில் எங்க வீட்டு பேட்டரி போய்விட்டது. குழுவில் கடன் எடுத்துப் புதுசு போட்டோம். "இதுக்கெல்லாமா கடன்?" என்றார்கள் மாமியார். ராத்திரி கழிவறைக்குப் போய் வந்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

வீடு கட்டப்போகும் சகோதரிகளே, கொத்தனாரிடம் முதலில் அடுப்படி விளக்கைச் சொல்லுங்கள்.